வண்டிக்குள் ஒரு வாடை

அக்டோபர் 5, ஞாயிறு

குடையை எடுக்க, வீட்டுக்காரர் கண்ணாடிக்கடைக்கு ஓட்டுகிற வண்டிக்குள் ஏறினேன். கதவைத் திறந்ததுமே ஒரு வாடை. இனிப்பான வாடை. பழம் கனிந்து, அழுகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் வருமே, அது. சீட்டுக்கு அடியில் துழாவினேன். ஒரு கயிறு, கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கிற அட்டைத் துண்டுகள், பாப்பாவின் ஒற்றைச் சாக்ஸ். வேறொன்றும் இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையை உள்ளே விட்டு மோந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார்.

எனக்கு வருகிறது. சோப்புப் பட்டறையில் எந்தக் கலவையில் எந்த எண்ணெய் கூடிப்போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் நான். முதலாளியே என் மூக்கைக் கேட்டுத்தான் அச்சில் ஊற்றச் சொல்வார்.

இந்த வாடை எனக்குப் புதிதுமில்லை. பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான் அவர் குடியை விட்டார். அதுவரைக்கும் எங்கள் வீட்டுத் தலையணையில் இருந்தது கிட்டத்தட்ட இதே இனிப்புதான். இப்போது அவள் ஏழாவது படிக்கிறாள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

துவைக்க எடுக்கிற சாக்கில் அவர் சட்டையை மோந்து பார்த்தேன். வியர்வை, கண்ணாடிக்கடைப் பசை, கொஞ்சம் பெட்ரோல். அவ்வளவுதான். நிமிர்ந்தால் வாசற்படியில் நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஒன்றும் இல்லாதவர் என்றால் கேட்டிருக்க வேண்டாமா, என்ன பண்றேன்னு?

அக்டோபர் 9, வியாழன்

நச்சரித்து வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். நானும் கூடவே போனேன். மெக்கானிக்கை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்தச் சட்டைப் பையில் கை விட்டாலும் ஒரு நட்டு கிடைக்கும். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் ஹோஸில் ஒரு வெடிப்பைக் காட்டினார். அதிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் சொட்டுச் சொட்டாகச் சூடான எஞ்சின் மேல் விழுகிறதாம். "அது ஆவியானா இனிச்சுக்கிட்டுத்தான்க்கா வாசனை வரும்" என்றார். ஹோஸை மாற்றிவிட்டார்.

திரும்பி வரும்போது அவர் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஆனால் அன்றைக்கு ஏன் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றார்? நட்டு மூன்றடி தள்ளி நின்றே வருது என்றாரே.

அக்டோபர் 13, திங்கள்

இப்போது கருகல் வாடை. அடுப்பில் எண்ணெயை மறந்து விட்டால் வருகிற மாதிரி. மறுபடியும் நட்டு. எஞ்சின் மூடி ஓரத்தில் ஆயில் கசிந்து, புகை போகிற குழாயின் மேல் விழுந்து கருகுகிறதாம். இடுக்கை அடைக்கிற கேஸ்கட்டை மாற்றினார். வாடை போய்விட்டது.

காலையில் வண்டி எடுக்கும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம், சூடேறினால் நின்றுவிடுகிறது என்று அவர் நட்டுவிடம் சொன்னார். பழைய வண்டி, இருமத்தான் செய்யும் என்று நட்டு சிரித்தார். இவரும் சிரித்தார்.

நட்டு யார்? அந்தக் காலத்தில் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தவர். அவர் சொல்லுகிற காரணத்தை நான் எவ்வளவு தூரம் நம்புவது?

அக்டோபர் 16, வியாழன்

கண் சிவந்து வந்தார். சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டார். மழையில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் தலை கனக்கிறதாம்.

அண்ணன் வந்திருந்தான். செல்போன் கடை வைத்திருக்கிறவன், அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கருவி இருக்கும். நான் வாயைத் திறக்காமலே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். "சண்டை வேணாம், கேள்வி வேணாம். ஒரு கண்ணு இருக்கட்டும்" என்றான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யோசிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

பாப்பாவுக்கு ஷூ வாங்க அப்பாவும் பொண்ணும் நடந்தே கடைத்தெருவுக்குப் போனார்கள். அண்ணன் வந்து அந்தப் பெட்டியை வண்டியில் மாட்டிவிட்டான். நான் வாசலில் காவல் நின்றேன். திருடனுக்கு நிற்கிற மாதிரி.

அக்டோபர் 21, செவ்வாய்

போனில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் அவர்.

பட்டறையில் சோப்புக்கட்டிகளை அடுக்கிக்கொண்டே பார்த்தேன். பாப்பாவை இறக்கிவிடுகிற பள்ளிக்கூடம், கண்ணாடிக்கடை, ஒரு புதுக் கட்டடம். அப்புறம் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ஒரு ரோட்டில் நின்றது. நின்றது நின்றபடியே. நான் இரண்டு வரிசை அடுக்கி முடித்தும் நகரவில்லை. அங்கே கடை கிடையாது, வீடு கிடையாது. கண்ணாடி வாங்க யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்தவர் வாயில் புதினா மிட்டாய். குமட்டுகிற மாதிரி இருந்ததாம், அதனால் வாங்கினாராம். அந்தக் காலத்திலும் மிட்டாய்தான் முதலில் வரும். பின்னாலேயே மற்றது வரும்.

எங்கே போனீங்க என்று கேட்டேன். கடைக்கும் கட்டடத்துக்கும் அலைந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார்.

பொய். என் கையில் புள்ளி இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

கண்ணாடிக்கடை முதலாளி எனக்கு போன் செய்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூட விழ விடாத மனுஷன் இன்று ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இறக்கும்போது கைநழுவ விட்டுவிட்டாராம். யாருக்கும் அடியில்லை. "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா? ஆளு ஒரு மாதிரியா இருக்காரு" என்று கேட்டார். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன்.

இவர் வந்து கண்ணாடி உடைந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் கேட்கவில்லை. பாப்பா மட்டும்தான் சாப்பிடும்போது பேசினாள்.

அக்டோபர் 24, வெள்ளி

வண்டியில் இப்போது கூலன்ட் வாடையும் இல்லை, கருகலும் இல்லை. லேசாகப் புகை, அது எந்தப் பழைய வண்டியிலும் இருப்பதுதான். ஆக வண்டி மேல் பழி போட இனி வழியில்லை. அவர் மட்டும் அப்படியேதான் இருக்கிறார்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று முழுக்க நல்லவராக இருந்தார். மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார், பாப்பாவோடு கேரம் ஆடித் தோற்றார், என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டார். கண்ணில் சிவப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரியாக இருக்கிறார். வேலை நாளில்தான் கெட்டுப்போகிறார். வீட்டில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெளியே யாருமில்லை. கணக்கு நேராகத்தானே வருகிறது?

நேராக வருகிற கணக்கு இவ்வளவு வலிக்குமா.

அக்டோபர் 28, செவ்வாய்

மதியம் பட்டறையில் பல்வலி என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். புள்ளி நின்ற இடத்துக்கே போனேன். கிடங்குச் சுவர் ஓரமாக வண்டி நிற்கிறது. கேபினில் ஆள் இல்லை. பின்னால் திறந்த தட்டில், அட்டைகளின் மேல், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். மழைத் தூறல் முகத்தில் விழுகிறது. அதுகூடத் தெரியவில்லை.

பாட்டிலைத் தேடினேன். கேபினுக்குள், சக்கரத்தின் பின்னால், சுவரோரப் புதரில், எல்லா இடத்திலும். இல்லை. குடித்துவிட்டுத் தூக்கி எறிந்திருப்பாரோ? பக்கத்தில் போய் வாயை மோந்திருக்கலாம். போகவில்லை. எழுந்து என்னைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வேன்? திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் பாப்பாவின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். முதல் பீரியடில் தூங்கி விழுகிறாளாம், தலைவலி என்கிறாளாம். போனைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறாயா என்று திட்டினேன். இல்லைம்மா என்று அழுதாள். இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நல்ல மழை. ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. புள்ளி ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூட மணியெல்லாம் அடித்து வெகுநேரம் கழித்துதான் நகர்ந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாப்பா வாசலில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்துவிட்டாள்.

ஓடினேன். வாட்ச்மேன் அறையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். இவர் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் பேரைச் சொல்லவே நாக்கு குழறுகிறது. முகம் சிவந்து கிடக்கிறது. டீச்சர் நிற்கிறார், ஆயா நிற்கிறார், மற்ற அப்பா அம்மாக்கள் நிற்கிறார்கள். எதையும் பார்க்கவில்லை.

"குடிச்சிட்டா புள்ளைய ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாந்திதான் வந்தது.

ஆஸ்பத்திரியிலும் நான் விடவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம், இவருக்குக் குடிச்சிருக்காரான்னு டெஸ்ட் எடுங்க, நான் சொல்றேன், எடுங்க என்று கத்தினேன். இவர் தானாகவே சட்டைக் கையை மடித்து நீட்டினார். ரத்தம் எடுத்தார்கள், ஊதவும் சொன்னார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்து, "ஒரு துளி கூட இல்லம்மா" என்றார். நான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். டாக்டரம்மா பாப்பாவின் கண்ணைப் பார்த்தார், இவர் கண்ணைப் பார்த்தார். ரெண்டு பேரும் எதில் வந்தார்கள், ஜன்னல் மூடியிருந்ததா, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எடுத்த ரத்தத்தோடு பாப்பாவின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார்.

வண்டிப் புகை. அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு இரண்டு பேர் ரத்தத்திலும் ஏறியிருக்கிறது. "அதுக்கு வாசனையே கிடையாதும்மா. யாருக்கும் தெரியாது" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளாகவே உள்ளே போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். தலைவலி, குமட்டல், தூக்கம், கை நடுக்கம் எல்லாம் அதுதானாம். வெளிக்காற்றில் படுத்தால் சரியாகுமாம். வண்டி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமை சரியாகுமாம்.

இப்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேரும் ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருக்கிறார்கள். பாப்பா கண் திறந்து என்னைப் பார்த்தாள். அவர் கண் திறக்கிறார், கூரையைப் பார்க்கிறார்.

நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்புவது?

அக்டோபர் 31, வெள்ளி

அபாயம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் போன் மேல் போன் செய்கிறான். எடுக்கவில்லை.

நவம்பர் 1, சனி

நட்டு ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப் போயிருந்தார். இவர் நானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பினார் நட்டு. டிக் டிக் என்று அந்தச் சத்தம் கேட்டது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு, எஞ்சினிலிருந்து புகைக்குழாய் தொடங்குகிற இணைப்பில் தடவினார். நுரை குபுகுபுவென்று கிளம்பியது. அங்கே கேஸ்கட் ஓரம் பிய்ந்து புகை கசிகிறது. நட்டு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, இவரைக் காட்டி, "அண்ணன் அன்னிக்கே சத்தத்தைச் சொன்னாரு. நான் வாசனைய மட்டுமே தேடிக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். வாசனையைத் தேடச் சொன்னது யார் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, வெளியே கசிகிற புகை உள்ளே எப்படி வருகிறது? அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தினார். டார்ச்சை வாங்கிக்கொண்டு பானெட் பக்கம் போனார். கேபினுக்குள் உட்கார்ந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் ஏறினேன். பாப்பா உட்காருகிற சீட்டில் குனிந்து தலையை உள்ளே விட்டேன்.

நட்டு டார்ச்சை மெல்ல நகர்த்துகிறார். இருட்டு, இருட்டு, அப்புறம் வெளிச்சம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக. அந்த வட்டத்தின் குறுக்கே மெல்லிய கறுப்பு வயர், புதுசு. அது எங்கே போய் முடிகிறது என்று நான் பார்க்க வேண்டியதில்லை.

"வெளிச்சம் தெரியுதா?" வெளியிலிருந்து நட்டுவின் குரல்.

தெரியவில்லை என்று சொல்லலாம். அப்புறம் நானே வந்து எதையாவது வைத்து அடைத்துவிடலாம். அந்த நினைப்பு வந்தது, நிஜமாகவே வந்தது.

"தெரியுது" என்றேன்.

நட்டு வந்து வயரைப் பிடித்து இழுத்தார். இந்த ஓட்டையை வண்டி செய்யும்போதே ரப்பர் போட்டு அடைத்திருப்பார்களாம். வயர் விட யாரோ ரப்பரைப் பிடுங்கியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை. அதுவரை கதவு இடுக்கில் கொஞ்சமாக வந்த புகை, அதற்கப்புறம் இதன் வழியே மொத்தமாக வந்திருக்கிறதாம். வயரின் முனையில் அந்தப் பெட்டி வந்தது. "இது வண்டி எங்க போவுதுன்னு காட்டுறதாச்சே. கடை முதலாளி மாட்டுனாராண்ணே?"

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான்தான். எங்க அண்ணன வெச்சு மாட்டுனேன்."

நட்டு ஸ்பேனர் எடுத்து வருவதாகச் சொல்லிப் போனார். வெகுநேரம் வரவில்லை. ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

இவர் குனிந்து அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "பாப்பா கால் வைக்கிற எடம்" என்றார். திட்டியிருக்கலாம். கை ஓங்கியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

முன்னறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார். பாப்பா ஏன் என்று கேட்டாள். காற்று நன்றாக வருகிறது என்றார்.

நவம்பர் 5, புதன்

நட்டு கேஸ்கட்டை மாற்றி, ஓட்டையைப் புது ரப்பரால் அடைத்து, கதவு ரப்பர், தரை மூடி எல்லாவற்றையும் சோதித்து வண்டியை அனுப்பிவிட்டார். புகை வந்தால் கத்துகிற ஒரு சின்னக் கருவியையும் தன் பங்குக்கு உள்ளே ஒட்டியிருக்கிறார்.

இன்று அவராகவே வாயைத் திறந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கெடங்குப் பக்கம் போய் ஏன் படுத்தேன்னு கேக்கலையே நீ."

பெட்டி காட்டிக் கொடுத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரே சொன்னார். தலை சுற்றும், கை சொன்னபடி கேட்காது, ரோடு இரண்டாகத் தெரியுமாம். பழைய குடி மூளையைத் தின்றுவிட்டது, அதுதான் இப்போது வட்டியோடு வசூலிக்கிறது என்று நினைத்தாராம். யாரிடமும் சொல்லப் பயம். சொன்னால் வேலை போய்விடும். என்னிடம் சொன்னால் நான் வேறு மாதிரி நினைப்பேன். "நீ சட்டைய மோந்து பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு. இனி என்ன சொன்னாலும் குடிகாரன் சொல்ற பேச்சாத்தான் இருக்கும்னு."

கேட்டிருக்கணும் நான், என்றேன்.

"கேட்டிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அவரிடம் இனி ஒரு பொய்யாவது குறையட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். ரப்பரைப் பற்றி அவனுக்கு நினைவே இல்லை. நல்லதுக்குத்தானே செய்தேன் என்றான். பிறகு, "அப்ப அவன் நெசமாவே குடிக்கலையா?" என்றான். அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்தது. என் குரலிலும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அது இருந்திருக்கும். இன்னொரு தடவை பாருங்க என்று கேட்டேனே.

அவனைத் திட்டத்தான் போனேன். திட்டாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

பாப்பா வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். பஸ்ஸில்தான் போகிறாள். அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் வண்டியை எடுக்கும்போது காலியான சீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

நவம்பர் 15, சனி

நான் ஏறினேன். பாப்பா இடத்தில், அதே ஓட்டைக்கு நேராகக் காலை நீட்டி. ஜன்னலை மூடச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நானே மூடினேன். வண்டி நிறையக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் வரை போய்த் திரும்பினோம். கருவி கத்தவில்லை. தலை வலிக்கவில்லை. வழியெல்லாம் அவர் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ரோட்டைப் பாருங்க" என்றேன். பல நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று.

வீட்டு வாசலில் பாப்பா எங்களை எதிர்பார்த்து நின்றாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 17, திங்கள்

பாப்பா இன்று வண்டியில் போனாள். ஜன்னல் திறந்து, முழங்கை நனைய.

நவம்பர் 23, ஞாயிறு

கண்ணாடிக்கடை முதலாளி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதற்காகக் கடை ஆட்களுக்கு விருந்து. இவர் மட்டும் சீக்கிரமே வந்துவிட்டார். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பாட்டில் வெச்சாங்க. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துனாங்க" என்றார். "கையில வாங்கிட்டேன். குடிக்கணும்னு இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. வெச்சிட்டு வந்துட்டேன்."

இதை நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. குடியை விட்ட இத்தனை வருஷத்தில், ஆசை வந்தது என்று அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. எத்தனை நாள் வந்திருக்குமோ, யாரிடமும் சொல்லாமல் எத்தனை தடவை வைத்துவிட்டு வந்தாரோ.

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வெங்காயத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன். கத்தி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். உரிக்க ஆரம்பித்தார்.